சட்டைக்குள் இருந்த நட்சத்திரம்

ஆடிக் கிருத்திகைக்கு சத்தியவேட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திருப்பதியில் பஸ் பிடித்தேன், ஜன்னல் சீட் கிடைத்தது என்று பயணக் கதை சொல்லித் தப்பிக்கத்தான் பார்க்கிறேன். வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

தங்கை கணவர் பாஸ்கருக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. அவருடைய ஃபேக்டரிக்கு மெஷின் பொருத்த ஹங்கேரியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார். பெயர் ஆக்னெஸ். பண்டிகைச் சாப்பாட்டுக்கு அவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார் பாஸ்கர்.

பூஜை அறையில் முருகன் படத்துக்கு முன்னால் தங்கை அறுகோணக் கோலம் போட்டு, முனைக்கு ஒரு விளக்காக ஏற்றியிருந்தாள். ஆக்னெஸ் குனிந்து பார்த்தார். அப்போது சட்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய செயின் வெளியே நழுவியது. அதில் குட்டியாக ஒரு வெள்ளி டாலர். அதே ஆறு முனை!

“அட... எங்க முருகன் நட்சத்திரம்!” என்று கத்தியேவிட்டேன். கையில் இருந்த போனில் ஒரு க்ளிக்.

பிறகு என் லெக்சர். மேல் நோக்கும் முக்கோணம் சிவன், கீழ் நோக்குவது சக்தி, ஆறு முனையிலும் ‘சரவணபவ’ என்ற ஆறு எழுத்து... எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விடாமல் கொட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே டாலரைச் சட்டைக்குள் தள்ளினார். அதை நான் கவனித்தேனா? கவனித்தேன். நிறுத்தினேனா?

சாப்பிடும்போது அந்த டாலரைப் பற்றி நானே விடாமல் கேட்டேன். அவரும் சொன்னார்.

“நாங்கள் இதை தாவீதின் கேடயம் என்போம். ஆனால் ஆதியிலிருந்தே யூதர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. முஸ்லிம்கள் சுலைமான் நபியின் முத்திரை என்பார்கள். பழைய சர்ச்சுகளில்கூட இருக்கிறது. எங்கள் அடையாளமாக மெதுவாகத்தான் ஆனது.”

கொஞ்ச நேரம் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் மஞ்சள் துணியில் வெட்டி, யூதர்கள் எல்லாரும் கோட்டில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். என் அத்தை அப்போது பள்ளிக்கூடப் பெண். தன் நட்சத்திரத்தைத் தானே தைத்தாராம். கோணல் இல்லாமல் வரவேண்டும் என்று ஒருமுறை பிரித்துக்கூடத் தைத்தாராம்.”

என் தங்கை பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு? சொல்லக் கூச்சமாக இருக்கிறது... ‘நல்ல மேட்டர்’ என்று தோன்றியது.

கிளம்பும்போது ஆக்னெஸ் என்னிடம் தனியாக வந்தார். “அந்தப் போட்டோ உங்களோடு இருக்கட்டும். ஃபேக்டரியில் யாருக்கும் இது தெரியாது.” நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

பஸ் ஏறியதும் போட்டோவைக் குடும்ப க்ரூப்பில் போட்டேன். குடும்பம்தானே! மேலே ஒரு தலைப்பு வேறு: ‘முருகனை வணங்கும் யூதப் பெண்!’ அவர் வணங்கவில்லை. குனிந்து கோலம் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் தலைப்பு என்றால் கொஞ்சம் சூடு வேண்டாமா? பத்திரிகைத் தொழில் புத்தி.

இரண்டே நாளில் தங்கை போன் செய்தாள்.

“இன்னாக்கா பண்ணி வெச்ச? அந்தப் போட்டோ ஃபேக்டரி பூரா சுத்திக்கினு இருக்குதாம். தெலுங்குல வேற இன்னான்னாமோ எழுதி அனுப்பிக்கினு இருக்காங்களாம்!”

பாஸ்கர் போனை வாங்கினார். “கேன்டீன்ல அல்லாரும் அவங்களயே பாத்துக்கினு இருக்காங்க அக்கா. சூப்பர்வைசர் நேராவே போயி, ‘மேடம், மீரு இஸ்ரேலா அண்டீ?’ன்னு, நீங்க இஸ்ரேலான்னு, கேட்டுட்டாரு.”

அந்த நாட்டில் ஆக்னெஸ் காலே வைத்ததில்லை. ஆனாலும் சிலர் தேடி வந்து கைகொடுத்தார்களாம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். எங்கோ நடக்கும் யுத்தத்துக்கு அவரிடம் விளக்கம் கேட்டார்களாம். கைகொடுத்தவரும் சரி, முகம் திருப்பியவரும் சரி... ஆக்னெஸ் யார் என்று கேட்கவே இல்லை.

மறுநாளே சத்தியவேட்டுக்குப் போய், பாஸ்கரோடு ஆக்னெஸ் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன்.

“மன்னிச்சிடுங்க. அழிச்சிட்டேன்” என்றேன். எவ்வளவு அபத்தம்! என் போனில் அழித்தேன். ஊரார் போனில்?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“என் அத்தை அதை மாட்டிக்கொண்டது யாரோ கட்டளையிட்டதால். நான் மாட்டிக்கொண்டிருப்பது நானே விரும்பி. யாருக்குக் காட்டுவது என்பதையும் நான்தான் முடிவு செய்வேன் என்று நினைத்திருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். டீ கொடுத்தார். டாலர் இப்போது சட்டைக்கு வெளியே தொங்கியது. தைரியம் என்று பாராட்ட வாயெடுத்தேன், நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். மறைக்க நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பெயர் தைரியமா?

திரும்பும்போது பாஸ்கர் என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, “வேலையை முடிச்சிட்டுத்தான் போவாங்களாம். ஆனா கேன்டீனுக்கு வர்றதில்ல. ரூம்லயே துன்னுடறாங்க அக்கா” என்றார்.

போன வாரம் ஆக்னெஸ் ஊருக்குக் கிளம்பும் முன் அவருக்குப் போன் செய்தேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “என் பெயரையும் நாட்டையும் மாற்றிவிடுங்கள்” என்றார். மாற்றியிருக்கிறேன்.

கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.