அந்த நெருப்பு சைவமா?

சென்ற ஆண்டு மழைக்காலம். புனேயில், சிஞ்ச்வட் பக்கம் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் திடீரென்று ஒரு பெரிய கறுப்புத் தொட்டி முளைத்தது. எல்லா வீட்டு மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் அதில் போட்டால் சமையல் எரிவாயு வரும் என்றார் செயலாளர். எதையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு, நேரமிருந்தால் பிறகு நம்புவது என் சுபாவம். தொட்டி வெடிக்குமா? நாறுமா? விற்றவர் செயலாளரின் மச்சானா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்ததும் சந்தேகம் இன்னும் வலுத்தது.

நான்காவதாக ஒன்று தோன்றியது. நாங்கள் சைவம்; எதிர்வீட்டு மீன் முள்ளும் அதே தொட்டியில்தானே விழுகிறது? அப்படியானால் அந்த நெருப்பு சைவமா, அசைவமா? லிஃப்டில் சொன்னேன், சிரித்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், இன்னும் சிரித்தார்கள். ஒரு வேடிக்கைப் பேச்சு எடுபட்டுவிட்டால் அது புளித்துப்போகும் வரை சொல்லும் வியாதி எனக்கு உண்டு.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். கேட் அருகே சின்ன அறையில் போஹா என்கிற அவல் உப்புமாவும் பாக்ரி என்கிற சோள ரொட்டியும் செய்து விற்கும் அம்மாள். எல்லோருக்கும் அவர் 'மாவ்ஷி', அதாவது சித்தி. கழுத்தில் துளசி மாலை, வருடந்தோறும் பண்டரிபுரத்துக்கு நடைபயணம். முட்டை பட்ட பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டார். தொட்டியிலிருந்து வரும் குழாய் அவர் அடுப்புக்குத்தான் என்று ஏற்பாடு. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் அவருடைய போஹாவில் வேர்க்கடலை குறைவதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

குழாய் வந்தது, அதற்கென்று ஒரு புது அடுப்பும் பொருத்தினார்கள். மாவ்ஷி வேண்டாமென்றுவிட்டார். விநாயகர் சதுர்த்திக்குள் சம்மதிக்காவிட்டால் அதைக் கிளப் ஹவுசுக்குத் திருப்பிவிடுவோம் என்றது கமிட்டி.

"ஏனாம்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எல்லாம் நீங்க சொன்னதுதான். வாட்ச்மேன் போய்ச் சொல்லியிருக்கார். படிச்ச மனுஷர், சும்மா சொல்லமாட்டார்னு நம்பிட்டாங்க. பாவம், அவங்களுக்கு உங்களைத் தெரியாதில்ல."

மறுநாள் காலை இருவருமாகப் போனோம். அது விளையாட்டுப் பேச்சு என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். மாவ்ஷி என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னைவிடத் தேர்ந்த சந்தேகக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"காகா," என்று சித்தப்பா முறை வைத்து மராத்தியில் கேட்டார், "அன்னிக்குச் சொன்னது விளையாட்டா, இன்னிக்குச் சொல்றது விளையாட்டா?"

வயலில் போடும் எருவில் எல்லாமும்தானே இருக்கிறது, அதில் விளைந்த சோளத்தைச் சாப்பிடவில்லையா என்று மடக்கிப் பார்த்தேன்.

"செயலாளர் அனுப்பினாரா?" என்றார். "சரி, உங்க வீட்டுச் சாப்பாட்டை இதுல சமைப்பீங்களா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மீன் முள் கண்முன் வந்து நின்றது. விளையாட்டு என்று நான் சொன்னதில் பாதி விளையாட்டில்லை.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பால் காய்ச்சிய அதே பாத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தாள். பாலை ஊற்றி அந்தப் புது அடுப்பைப் பற்றவைத்தாள். வெடிக்கும் சந்தேகம் தீராததால் நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். நீலமாக எரிந்தது. மோந்து பார்த்தேன்; ஒன்றுமில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மாவ்ஷியின் கைகள் தாமாகக் குவிந்தன. அவர்கள் வழக்கத்திலும் புது வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டுமாம்.

ஆனாலும் மனைவி நீட்டிய தம்ளரை வாங்கவில்லை. "முதல்ல காகா" என்றார்.

இரண்டு பெண்களும் என் தொண்டையையே பார்த்தார்கள். குடித்தேன். வெறும் பால்தான். நான் கீழே விழுகிறேனா என்று சற்று நேரம் பார்த்துவிட்டு மாவ்ஷியும் ஒரு வாய் குடித்தார். பிறகு தோசைக்கல்லை எடுத்து அந்த அடுப்பில் வைத்தார்.

போஹாவில் வேர்க்கடலை திரும்ப வந்துவிட்டது. அவர் தரும் தேநீரை இன்றும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். நான் குடித்ததை ஓரக்கண்ணால் உறுதி செய்துகொண்டுதான் அவரும் அடுத்தவருக்கு ஊற்றுகிறார். ஆனால் லிஃப்டில் நாலு பேரைச் சிரிக்கவைக்க நாக்கு துறுதுறுக்கும்போது, சிரிக்காத ஒருவர் பற்றவைக்காமல் விட்ட அடுப்பு நினைவுக்கு வந்து, பாதி நேரமாவது வாயை மூடிக்கொள்கிறேன்.