மடியில் இருந்த பாரம்

இன்று தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு ஒரு கலைஞரின் தரிசனம் கிடைத்தது.

கொழும்புத் தம்பி. கழுத்தில் கேமரா, முதுகில் பெரிய பை. உட்கார இடமில்லை. என் பக்கத்து சீட்டிலிருந்த அக்கா, நம் பஸ் வழக்கப்படி கையை நீட்டினார்.

"பேக்க குடுங்க தம்பி, நான் மடியில வச்சிக்கிறேன்."

கொடுத்தார். அக்கா அதைக் கட்டிப்பிடித்தபடியே தூங்கிப்போனார். உடனே கிளிக், கிளிக்.

"கேட்டுட்டு எடுக்கலாமே தம்பி?" என்றேன்.

"கேட்டா நேச்சுரலா வராது அக்கா. வழியில பாக்குற சாதாரண மனுசங்கதான் என்னோட சப்ஜெக்ட்."

படத்தை போனுக்கு மாற்றி, கீழே எழுதியதைப் பெருமையாக எனக்கும் காட்டினார்: 'தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறாள் மலையகப் பெண். தூக்கத்திலும் இறங்காத பாரம்.'

"அந்தப் பாரம் உங்க பேக்தானே?"

"அதப் போட்டா ஃபீல் போயிரும் அக்கா."

இறங்க வேண்டிய நாவுலை வந்ததும் அக்கா விழித்துப் பையைத் திருப்பிக் கொடுத்தார். "என்னா கனம் தம்பி! உள்ள கல்லா வச்சிருக்கீங்க? காலு மரத்துப்போச்சு."

"லென்ஸ் அக்கா," என்றார் கலைஞர். நன்றி சொல்ல நேரமில்லை. காலை உதறி உதறி இறங்கியவரையும் ஜன்னல் வழியாக ஒரு கிளிக்.

வீட்டுக்கு வந்து, போனில் அவர் காட்டிய பக்கத்தைத் தேடிப் பார்த்தால், முதல் படத்துக்குக் கீழே ஒரே கண்ணீர் எமோஜி. இரண்டாவதற்குத் தலைப்பு: 'உழைத்துத் தேய்ந்த கால்கள்.'

இந்தப் படங்கள் உங்கள் பக்கத்துக்கும் வந்தால் தாராளமாக அழுங்கள். அழுது முடித்ததும், அந்தப் பை யாருடையது என்று ஒரு கமெண்ட் மட்டும் போட்டுவிடுங்கள்.

நான் கேட்டேன். பிளாக் பண்ணிவிட்டார்.