விடிகாலையை முதலில் எழுதியவர்

தேநீர் கேட்பதற்கு முன் அவர் மேசையைத் துடைப்பார். விமானிகள் ஓய்வறையின் மூலையில் ஒரு தேநீர் கவுண்டர் உண்டு. முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கழுவும் தொட்டியில் வைப்பார். சிந்திக் கிடக்கும் சர்க்கரையை இடது கை விளிம்பால் கூட்டி, வலது உள்ளங்கையில் தள்ளி, குப்பைக்கூடையில் உதறுவார். ஒரு காகிதத்தை எடுத்து, ஈரத்தின் மேல் ஒரே ஒரு வட்டம். அதற்குப் பிறகுதான், "அக்கா, ஒரு டீ" என்று வாய் திறப்பார். தோளில் கேப்டனின் நான்கு பட்டைகள் மின்னும்.

"கேப்டன், அதுக்குத்தான் ஆள் போட்டிருக்காங்களே?" என்று ஒருநாள் ஒரு கோ-பைலட் கேட்டான்.

"கேக்கறதுக்கு முன்னாடி கை ஏதாவது செஞ்சிருக்கணும்டா. சும்மா போய் நின்னு கேட்டா எனக்குக் கூச்சமா இருக்கும்."

"இவரு ஒருத்தருதான் மனுஷன்" என்றார் கவுண்டர் அக்கா. "மத்ததெல்லாம் ஆகாசம் வரைக்கும் பறக்கும். ஒரு கப்பை அரை அடி தள்ளி வைக்கச் சொன்னா மட்டும் றெக்கை ஒடிஞ்சிரும்."

நான் பக்கத்து மேசையில் சிரிக்காமல் சிரித்தேன். ரோஸ்டர் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். எந்த விமானி எந்த நாளில் எந்த விமானத்தை ஓட்டுவார் என்ற மாதப் பட்டியலைத் தயாரிக்கும் இடம் அது.

கேப்டனுக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் புதன். புதன்கிழமைகளில் அவர் பறக்கமாட்டார். பதினான்கு வருட சர்வீஸ் உள்ள ஒருவர், ஒரு கிழமையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மற்ற ஆறையும் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார். மனைவியோடு பிரிவு. ஒன்பது வயது மகள் அம்மாவிடம். வாரத்தில் ஒருநாள், புதன் மாலை மூன்று மணி முதல் ஏழு மணி வரை, அவர் மகளைப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் அவர் மகளை நகராட்சி நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவார். அவள் கால் அடிப்பாள், கை வீசுவாள். தலையை மட்டும் தண்ணீருக்குள் விடமாட்டாள். அப்பா பிடித்திருந்தாலும் விடமாட்டாள். "அடுத்த புதன்" என்பாளாம். ஒன்றரை வருடமாக அடுத்த புதன்.

பழைய முறையில் இந்தப் புதன் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அப்போது நாங்களே மாதம் முழுவதுக்குமான பட்டியல்களைத் தயாரித்துச் சுவரில் ஒட்டிவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் 'லைன்' என்று பெயர். சீனியர் முதலில், ஜூனியர் கடைசியில் என்று வரிசையாக வந்து ஆளுக்கொரு லைனைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பதாம் நம்பர் லைனை யாரும் தொடமாட்டார்கள். முழுக்க விடிகாலைப் புறப்பாடு. மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்க வேண்டும். ஆனால் அதில் புதன் எல்லாம் காலி. கேப்டன் அதில் கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் எழுதிவைப்பார்: 'இதில் புதன் விடுப்பு இருப்பதால்.' ஊர் வேண்டாம் என்று தள்ளியதைத் தான் எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதை அதற்குள்ளிருந்து எடுத்துக்கொள்வது. இதைவிட நாகரிகமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

அது போதவில்லை கம்பெனிக்கு.

புது முறை வந்தது. இனிமேல் லைன் கிடையாது. ஒவ்வொரு விமானியும் தன் விருப்பங்களைக் கம்ப்யூட்டரில் எழுதலாம். அவரவர் விருப்பப்படி அவரவர்க்கு ஒரு பட்டியலை அது தைத்துக் கொடுக்கும். கூட்டம் போட்டு விளக்கினார் எங்கள் மேலாளர். எந்த வாக்கியத்தையும் "சரிதானே?" என்றுதான் முடிப்பார், அதனால் அவர் பெயரே சரிதானே.

"இதுவரைக்கும் நாங்க குடுத்ததை நீங்க வாங்கிக்கிட்டீங்க. இனிமே நீங்க கேட்கிறதை மெஷின் குடுக்கும், சரிதானே?"

"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க" என்று பின்வரிசையிலிருந்து அந்தக் கோ-பைலட் குரல் கொடுத்தான். "எங்க கேப்டனுக்குக் கிடைக்குமா சார்?"

அறை சிரித்தது. கேப்டனும் சிரித்தார். "பொன்னை நீ வச்சுக்கோடா" என்றார்.

மூன்று நாள் நான் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. விமானிகளுக்கு உதவ. அதற்கும் ஒரு வேலி போட்டிருந்தார் சரிதானே. "எந்த பட்டனை அமுக்கணும்னு சொல்லு. எதைக் கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு வாயைத் திறக்காதே. நாளைக்கு எவனாவது ரோஸ்டர் பையன் சொன்னான்னு நிப்பான், சரிதானே?"

இரண்டாம் நாள் மதியம் கேப்டன் வந்தார். விசைப்பலகையின் மேல் இருந்த பிஸ்கட் தூளை ஊதித் தள்ளினார். என் காகிதக் கட்டைச் சதுரமாக அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார்.

முதல் வரி: விடிகாலைப் புறப்பாடுகள் வேண்டும்.

இரண்டாம் வரி: புதன்கிழமைகளில் விடுப்பு வேண்டும்.

அந்த வரிசை தப்பு. அந்த இயந்திரம் மேலிருந்து கீழே படிக்கும். முதல் வரியை முழுக்க நிறைவேற்றிய பிறகுதான் இரண்டாம் வரிக்கே வரும். புதன்கிழமையும் ஒரு விடிகாலை உண்டு. அதிலும் விமானம் உண்டு.

அவர் செய்தது என்ன? கோப்பைகளை முதலில் எடுத்து வைத்தார். பிறகு டீ கேட்டார். கொடுப்பதை முன்னால் வைத்து, கேட்பதைப் பின்னால் வைத்தார். வாழ்க்கையில் அவருக்கு வேறு வரிசை தெரியாது.

"சார், வரிசை..." என்றேன்.

"என்ன தம்பி?"

கதவருகே சரிதானே நின்றுகொண்டிருந்தார். தொண்டையை மட்டும் செருமினார்.

"ஒண்ணுமில்ல சார். அந்தப் பச்சை பட்டன்."

அவர் பச்சை பட்டனை அமுக்கினார். என் காகிதக் கட்டை இருந்த இடத்துக்கே நகர்த்திவைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். அந்த நன்றி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இருபதாம் தேதி அடுத்த மாதத்துக்கான பட்டியல் வந்தது. அந்த மாதத்தில் நான்கு புதன்கிழமைகள். நான்கிலும் விடிகாலை டூட்டி. நான்கிலும் இரவு தங்கல் வெளியூரில். வேறு எவரும் விடிகாலையைக் கேட்கவில்லை. கேட்டவர் இவர் ஒருவர். ஆகவே இருந்த விடிகாலை எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டி, மணிக்கணக்கு நிரம்பியதும், இரண்டாம் வரியைப் பார்த்து, 'இயலவில்லை' என்று எழுதிவிட்டது இயந்திரம். அதற்குக் கோபமும் இல்லை, விரோதமும் இல்லை. அதை வாங்கிவைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேப்டன் கேட்டார். பத்து நிமிடம் நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வரி மேல கீழ ஆயிடுச்சு சார். மாத்திப் போட்டுக் குடுங்க."

"நீங்க கேட்டதைத்தானே குடுத்திருக்கு கேப்டன்? முதல்ல என்ன கேட்டீங்க? விடிகாலை. ஒண்ணுகூடக் குறையாம குடுத்திருக்கு, சரிதானே?"

"ஒன்றரை வருஷமா நான் எதுக்கு அந்த லைனை எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே."

தெரிந்தவன் கையில் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, தெரியாத ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்வதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரிந்த பெயர்களை இங்கே அச்சிட முடியாது.

தன் புதனை மாற்றிக்கொள்ள அவர் ஆள் தேடினார். நான்கு பேர் சம்மதித்தார்கள். அந்தக் கோ-பைலட்டே தெரிந்த கேப்டன்களிடமெல்லாம் போய்க் கெஞ்சியிருக்கிறான். முன்பு என்றால் இரண்டு கையெழுத்து, ஒரு தாள், முடிந்தது. இப்போது மாற்றத்தையும் இயந்திரம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஆளுக்கு ஓய்வு நேரம் அரைமணி குறைகிறது என்றது. இரண்டாவது ஆளுக்கு வாராந்திர மணி கூடுகிறது என்றது. மற்ற இருவருக்கும் காரணமே சொல்லவில்லை.

முதல் புதன் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

நீதிமன்றத் தாளில் இன்னொரு வரி இருந்தது. தொடர்ந்து மூன்று வாரம் தந்தை வராவிட்டால், அந்தச் சந்திப்பு ஏற்பாடே மறுபரிசீலனைக்குப் போகும். மகளின் அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஏற்பாடு ரத்தானால் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இதை அவர் கவுண்டர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், சர்க்கரையைக் கூட்டியபடி.

"அவளைக் குத்தம் சொல்ல முடியாதுக்கா. 'நானா உன்னை வரவேண்டாம்னேன்?'னு கேக்கறா. பாப்பா போனை வாங்கி, 'குளத்தை மூடிட்டாங்களாப்பா?'ங்கறா."

"வயித்துவலின்னு லீவு போடுங்க கேப்டன்" என்றான் கோ-பைலட். "ஊர்ல எவன் போடல?"

"வயிறு நல்லாத்தானே இருக்கு."

"ஐயோ, இவரைக் கட்டிக்கிட்டு அழ முடியாது" என்று அக்கா தொட்டித் தண்ணீரைச் சளாரென்று கொட்டினார்.

மூன்றாவது புதன். விடிகாலை நாலரை மணிக்கு, மடிப்புக் கலையாத சீருடையில் வந்தார். டூட்டிக்கு முன் விமானிகள் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும்: 'இன்று விமானத்தை இயக்க உடலாலும் மனத்தாலும் தகுதியுடன் இருக்கிறேன்.' அந்தத் தாளை நீட்டியவன் நான். ஆயிரக்கணக்கான முறை கையெழுத்திட்ட தாளை அவர் அன்று புதிதாகப் படிப்பதுபோல் படித்தார்.

"தம்பி, 'மனத்தாலும்'னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"நூத்தி எண்பது பேர் பின்னாடி உக்காந்திருப்பாங்க. நான் மூணு மணியையே நினைச்சுக்கிட்டிருப்பேன். இதுல கையெழுத்துப் போட்டா பொய்யாயிடும்."

பேனாவைத் திறந்தார். கையெழுத்திட வேண்டிய இடத்தில் எழுதினார்: 'உடலால் தகுதி. மனத்தால் இல்லை. காரணம், மூன்று வாரமாக என் மகளைப் பார்க்கவில்லை.' தேதியும் நேரமும் போட்டார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மாற்று விமானி வரும்வரை விமானம் இரண்டு மணி நேரம் நின்றது.

ஏழு மணிக்கு சரிதானே வந்து குதித்தார். பத்து மணிக்குத் பணியிடை நீக்க உத்தரவு தயாரானது, விசாரணை முடியும் வரை. மூன்று மணிக்கு அவர் நீச்சல் குளத்தில் இருந்தார்.

இதில் சிரிப்பு என்னவென்றால், பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர்க்கு எல்லாக் கிழமையும் விடுப்பு. ஒன்றரை வருடம் கேட்டும் கெஞ்சியும் எடுத்த ஒருநாளை, தண்டனையாக மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நீள மேசை, மூன்று பேர், ஒரு தண்ணீர் ஜாடி. அவருக்கு விதிமுறை விளக்கப்பட்டதா என்று கேட்டார்கள். ஆம் என்றால் வீட்டுக்குப் போகலாம். என் குரல் எனக்கே கேட்காத குரல். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது.

"விளக்கல. வரிசை தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுது. சொல்ல வேண்டாம்னு எனக்கு உத்தரவு."

"சத்தமா சொல்லுங்க" என்றார் நடுவில் இருந்தவர்.

இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். சரிதானே முதன்முறையாக அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்தார்: "உன்னைப் பாத்துக்கறேன்."

தீர்ப்பு வந்தது. பணிக்குத் திரும்பலாம்; ஆனால் ஆறு மாதம் இடது இருக்கை கிடையாது. கேப்டனின் இருக்கை அது. வலது பக்கம், கோ-பைலட்டாக உட்கார வேண்டும், தன்னிடம் வேலை கற்றவர்களுக்குப் பக்கத்தில். ஒரு பட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தார். வழக்கம்போல் கோப்பைகளை அடுக்கினார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்காவது சும்மா நில்லுங்க தம்பி. நான் எடுத்துக்கிறேன்."

"ஒரு பட்டை குறைஞ்சா கையுமா குறையும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அடுத்த மாசத்துக்கு எழுதியாச்சு. ஒரே வரி. புதன். அதுக்குக் கீழே ஒண்ணுமே எழுதல." கடைசிக் கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுதும்போது திருடுற மாதிரி இருந்துச்சு."

அவருக்குப் புதன் கிடைத்தது. மகள் ஊரைவிட்டுப் போகவில்லை. விசாரணைத் தாளின் நகல் நீதிபதியின் மேசைக்குப் போனது என்றும், அம்மாவே அதைக் கொண்டுபோனாள் என்றும் கேள்விப்பட்டேன்.

என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. கவிதைப் புத்தகம் படிக்க யாரும் தடை சொல்லாத அறை. நான்கு மாதம் கழித்து, அலமாரி ஒன்றைத் துடைத்து அடுக்கும்போது ஓர் அறிக்கை கையில் கிடைத்தது. புது முறையை வாங்குவதற்கு ஒன்பது மாதம் முன்பு, விமானிகள் கையெழுத்திட்ட பழைய லைன் தாள்களை வைத்து அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். பதினோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒரு வரி:

'விமானி 17. முதல் விருப்பம்: லைன் 9, விடிகாலை. இரண்டாவது: புதன் விடுப்பு. புதிய முறையில் கிடைக்கும் புதன்கள்: பூஜ்யம். பாதிப்பு: பொருட்படுத்தத் தக்கதல்ல.'

கீழே சரிதானேயின் கையெழுத்து. அதற்கும் கீழே, பழைய தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொடுத்தவர் என்ற இடத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தின் தேதியும் என் கையெழுத்தும்.