ஞாயிற்றுக்கிழமைக் கரை

அந்தப் படிவத்தில், காணி இப்போது எதற்குப் பயன்படுகிறதென்று கேட்கும் ‘தற்போதைய பாவனை’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் ‘வெறுங்காணி’ என்று எழுதியது என் கை. வேறு எவரையும் குற்றம் சொல்ல முடியாது.

நாட்டின் நிலைபேறான அபிவிருத்திக்கென்று ஒரு திட்டம் வரைவாகிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து மின்சாரம், கரையோரத்துக்கு மரங்கள், கடலுக்கு ஓய்வு. பக்கம் பக்கமாக இருந்த அதைத் தமிழாக்க என்னை அமர்த்தியிருந்தார்கள். நான் தமிழாக்கிய வரிகளில் பலவற்றை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். வெயில் வருசத்துக்கு வருசம் முரடாகிக்கொண்டு போகிற தீவில் இருந்துகொண்டு நம்பாமல் என்ன செய்வது? காற்றோ எங்களிடம் சும்மா கிடக்கிறது. ஆடி மாதத்தில் எங்கள் பேசாலைக் கரையில் வாயைத் திறந்தால் பாதிச் சொல்லை அது கொண்டுபோய்விடும்.

கொழும்பிலிருந்து வந்த திட்ட அதிகாரிக்குக் கரையைப் பார்க்க ஒரேயொரு நாள்தான் இருந்தது. ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், அவரோடு நடந்தேன். ஊருக்கு மேற்கே நீண்டு கிடக்கிற மணல். படகுகளெல்லாம் ஊர்ப் பக்கம் ஏற்றிக் கிடந்தன. இங்கே காகங்கள் மட்டும் எதற்கோ காத்திருப்பவைபோல உட்கார்ந்திருந்தன. அதிகாரி மூக்கைச் சுளித்து, இது என்ன மணம் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. பிறந்ததிலிருந்து மூச்சோடு வருவது எப்படி மணக்கும்? இங்கே ஆட்கள் ஏதும் செய்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்தேன். ஒருவருமில்லை. அவர் நீட்டிய படிவத்தில் அப்படியே எழுதினேன்.

சில மாதங்களில் வரைபடம் பங்கு மண்டபச் சுவரில் தொங்கியது. ஆட்சேபம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அந்த மணல் முழுவதும் பச்சை நிறம்: காற்றாலைத் தூண்களை இறக்கி வைக்க ஒதுக்கிய இடம். சுற்றிவர வேலி வரும். நான் முன்னால் நின்று வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து மச்சாள், என் மனைவியின் அக்கா, எழும்பி வந்தாள். புருசன் இல்லை. அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த மணலில் காயும் கருவாட்டால். அவளைப்போல இன்னும் எத்தனையோ பேர். பச்சையின்மேல் விரலை வைத்தாள். நகத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

“இது நாங்கள் மீன் காயப்போடுற இடமெல்லோ, மச்சான். வெறுங்காணி எண்டு ஆர் எழுதினது?”

நான்தான் என்றேன். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சனிக்கிழமை பொழுதுபட முன்னமே பாய்களையும் பழைய வலைகளையும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், மணலைக்கூடக் கூட்டிவிட்டுப் போவது இந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். ஆண்டவரின் நாளில் கரையில் ஒரு சூடை மீனும் காயக்கூடாது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அன்றைக்கு நானும் ஞாயிற்றுக்கிழமைக்குள்தான் நின்றிருந்தேன்.

“ஞாயிற்றுக்கிழமை பாத்தால் நானும் ஒரு வேலையுமில்லாத மனுசிதான்,” என்றாள் மச்சாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

பிழை என்னுடையது என்று அன்றைக்கே கடிதம் எழுதினேன். அதிகாரி நல்ல மனிதர்; ஒரு புதன்கிழமை திரும்ப வந்தார். மணலில் கால் வைக்க இடமில்லை. பாய்க்குப் பாய் வெள்ளியாய்ப் பளபளத்தது, காகங்களோடு பெண்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

“பாத்து மிதிக்கச் சொல்லுங்கோ,” என்றாள் மச்சாள். சொன்னேன். புதிய படிவத்தை எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். “கிழமையையும் போடுங்கோ.” போட்டேன்.

திருத்திய வரைபடத்தில் பச்சை நிறம் மணலைவிட்டு உள்ளே, உடைமர முட்பற்றைக்கு நகர்ந்திருந்தது. மச்சாள் பார்த்துவிட்டு ஓம் என்று தலையாட்டினாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பற்றையை ஞாயிறு போய்ப் பார்த்தேன், வெறுமை. திங்களும் வெறுமை. வியாழன் போனபோது ஒரு கிழவர் ஆடுகளை மேயவிட்டு நிழலில் குந்தியிருந்தார். கிட்டப் போய், எந்தெந்தக் கிழமைகளில் வருவீர்கள் ஐயா என்று கேட்டேன்.