வக்கீல் சாரநாதனும் நானும் சுமந்த உயில்

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வக்கீல் சாரநாதனின் குமாஸ்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "பாய், ஐயா காலையில போய்ட்டாரு" என்றார். கயிற்றுக் கட்டுகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் முப்பது வருஷம் வாதாடியவரை அறிந்தவர்கள் ஏராளம். என் அளவுக்கு அவரோடு சண்டை போட்டவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

எங்களைச் சேர்த்துக் கட்டியது என் நண்பர் தேவராஜனின் உயில். மாமல்லபுரத்தில் அவருக்கு ஒரு வீடும் சவுக்குத் தோப்பும் இருந்தன. சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தம்மோடு ஒன்பது வருஷம் வாழ்ந்த தனகோட்டி அம்மாளுக்கு இரண்டையும் எழுதிவைத்தார். தாலி கட்டிய உறவில்லை அது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை வக்கீலுக்கும் எனக்குமாகப் பொதுவில் கொடுத்திருந்தார். சென்னையில் எழுதிய உயிலாதலால் கோர்ட்டில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்கினால்தான் செல்லும் என்றார் வக்கீல். இரண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

தேவராஜன் இறந்து காரியம் முடிந்த மறுநாளே அவருடைய தம்பி வந்து அம்மாளை வெளியே அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டினார். பூட்டை உடைத்துவிடுவது என்று நான் கிளம்பினேன். வக்கீல் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உடைச்சேள்னா, உள்ளே அதைக் காணோம் இதைக் காணோம்னு நாளைக்கு நம்ம மேலயே கேஸ் போடுவான். கோர்ட் சொல்லட்டும், பாய்."

கோர்ட் சொல்வதற்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை அம்மாள் தோப்பின் ஓரத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்.

தாமதம் முழுவதும் கோர்ட்டினுடையது என்று சொல்லமாட்டேன். சாரநாதன் ஒவ்வொரு காகிதத்தையும் வரிக்கடியில் ஸ்கேலை வைத்து மூன்று முறை படிப்பார். ஒருமுறை மனுவின் நான்காம் பக்கத்தில் ஓர் எழுத்தில் மை பரவியிருந்தது. முழுவதையும் மறுபடி டைப் அடிக்கச் சொன்னார். கோடை விடுமுறைக்காகக் கோர்ட் மூடும் கடைசி நாள் அது. நாங்கள் திரும்பி வருவதற்குள் ஆபீஸ் பூட்டியாயிற்று. வாசலில் நின்று அவரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "தப்பு என் பேரில்தான்" என்று மட்டும் சொன்னார்.

விடுமுறை கழிந்து மனு ஏறியதும், அண்ணனுக்கு அப்போது சுயபுத்தியே இல்லை என்று தம்பி ஆட்சேபம் போட்டார். மறுபடியும் வாய்தா. இரண்டாவது மழையில் அம்மாளுக்குக் கடும் ஜுரம் வந்தது. பிழைத்தார்; ஆனால் இடது காது போயிற்று. அன்றிரவே வக்கீலுக்கு எழுதினேன், தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள் என்று. மறுநாள் அவரே கடைக்கு வந்தார். "நம்மில் ஒருத்தர் விலகினாலும் தம்பிக்குக் கொண்டாட்டம். திட்டுங்கோ, கேட்டுக்கறேன். விலகமாட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "அந்தக் காதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், பாய்?"

உயிலுக்குச் சாட்சிகள் இருவர். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டுப் படாளத்தில் விவசாயத்துக்குத் திரும்பியிருந்தார். மூச்சிரைப்போடு வக்கீல் அவரைத் தேடி இரண்டு முறை தனியே போய் வந்திருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாம் முறை நானும் போனேன்.

"எனக்கு இன்னாத்துக்கு சாமி கோர்ட்டு? நடவு நேரம். வுட்டுடுங்க" என்றார் அந்த மனிதர்.

வக்கீல் சட்டம் பேசவில்லை. வரப்பில் உட்கார்ந்து, "அன்னிக்கு அவர் எப்படி இருந்தார்? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"தெளிவாத்தான் இருந்தாரு. உக்கார வெக்கச் சொன்னாரு. படிச்சுக் காட்டச் சொன்னாரு. அந்தம்மா பேர்ல ஒரு எழுத்து தப்பா கீதுன்னு அவரே பேனா வாங்கித் திருத்துனாரு. இதுல தப்பு வந்தா அவள வூட்ட வுட்டு தொரத்திடுவாங்கப்பான்னாரு." சொல்லிவிட்டுக் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டார். "சரி, வரேன்."

ஜில்லா கோர்ட்டில் அவர் அப்படியே சொன்னார். அதற்கடுத்து, உயிலை நிறைவேற்றுபவர் என்ற முறையில் வக்கீல் சாரநாதனே கூண்டில் ஏறினார். "இந்த அம்மாள் இறந்தவருக்கு என்ன உறவு?" என்று தம்பியின் வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். ஜனம் காதைத் தீட்டிக்கொண்டது. அம்மாள் தலை குனிந்தார்.

"அவர் யாரை நினைச்சுண்டு கண்ணை மூடினாரோ, அவர். எனக்கு அதுக்கு மேலே தெரிய வேண்டியதில்லை" என்றார் சாரநாதன்.

வீடும் தோப்பும் அம்மாளுக்கு என்று தீர்ப்பாயிற்று. அணா போய்ப் புதுக்காசு வந்த வருஷம் அது. வக்கீல் ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடை விடுமுறையை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அதை அவரிடம் வருஷா வருஷம் சொல்லிக்காட்டியும் வந்தேன். அவரும் மறுத்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை வக்கீலை எடுத்தபோது தனகோட்டி அம்மாள் தெருமுனையில் நின்றிருந்தார். செய்தி கேட்டு மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். பாடை கடந்ததும் தெரு மண்ணிலேயே விழுந்து கும்பிட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பி அம்மாளை பஸ் ஏற்றிவிடப் போனேன். அவருடைய வலது பக்கமாக நடந்தேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கு அந்த ஒரு எழுத்த வுட்டிருந்தார்னா, நீங்க ஒரு மழை முன்னாடியே வூட்டுக்குப் போயிருப்பீங்க" என்றேன்.

அம்மாள் படியில் ஏறி, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இனிமே யாரோட சண்ட போடுவீங்க, பாய்?"

பஸ் போய்விட்டது. ஸ்டாண்டில் நெடுநேரம் நின்றேன். போய்வாருங்கள், வக்கீல் சார்.