அப்பாவைத் தலைமுழுகிய வீடு

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மயக்கம் முழுதாகத் தெளியாமல் கிடந்த அப்பா, திடீரென்று தெலுங்கில் பேசினார். “அக்கா, கொட்டொத்து அக்கா… பேரிகெக்கு ஒச்சேஸ்தா.” அடிக்காதே அக்கா, பேரிகைக்கே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சல். பேரிகை ஓசூருக்குப் பக்கத்து ஊர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓசூரில் தெலுங்கு கேட்பது ஒன்றும் அதிசயமில்லை. என் கம்பெனி கேன்டீனில் ஒரே மேசையில் மூன்று மொழி ஓடும், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலையில் நானே மூன்றிலும் சண்டை போடுவேன். ஆனால் அப்பா வாயிலிருந்து ஒரு தெலுங்குச் சொல் விழுந்து நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தெலுங்குக்காரர்கள் பேசினால்கூடத் தமிழிலேயே பதில் சொல்லும் மனிதர். அவருக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா, “எனக்கு மட்டும் சொல்லியிருக்காரா? உங்கப்பாவக் கேக்கறதும் ஒண்ணு, செவுத்தக் கேக்கறதும் ஒண்ணு” என்றாள்.

குடும்ப வரலாறு தேடும் பைத்தியம் எனக்கு இப்படித்தான் பிடித்தது. முதலில் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும், உயிரோடு இருக்கிற பெரியவர்களைக் கேட்க வேண்டும், காகிதம் எங்கும் போகாது, மனிதர்கள்தான் போய்விடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, சேலத்தில் அம்மா பக்கத்து மாமாக்களையும் பெரியம்மாக்களையும் போனில் பிடித்தேன். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தார்கள். யார் யாருக்குப் பெண் கொடுத்தது, யார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனது என்று சார்ட் பேப்பரில் இடம் போதவில்லை. அப்பா பக்கம் மட்டும் மொட்டை. அவர் பெயர், அதற்கு மேல் வெள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்து தையல் பிரித்த பிறகு விடாமல் நச்சரித்தேன். சின்ன வயதிலேயே பெங்களூர் பட்டறைக்கு வேலைக்குப் போய், லேத் மெஷினில் ஆயுசையே கழித்த டர்னர் அவர். பேச்சை அளந்துதான் வெட்டுவார். கடைசியில் ஒரு நாள் கடுப்பாகி, “எங்க வூட்ல என்னைத் தலைமுழுகிட்டாங்க. போதுமா? தலைமுழுகினவங்க மூஞ்சில போய் நான் ஏன் முழிக்கணும்?” என்றார். அதோடு டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த முகம் தெரியாத சொந்தங்கள்மேல் திரும்பியது. வேலை தேடிப் போன பிள்ளையை உறவே வேண்டாமென்று தலைமுழுகுகிற ஜனங்களா? என்ன ஜென்மங்கள்! நேரில் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் பேரிகைக்குப் பஸ் ஏறினேன். ஆராய்ச்சிக்குப் போகவில்லை, சண்டைக்குப் போனேன்.

பேரிகையில் டீக்கடைக்காரரிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, சின்ன வயதில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், ஓர் அக்கா உண்டு என்றேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “இருந்தாரும்மா. அவர் செத்துப் பலகாலம் ஆச்சே. நாங்கெல்லாம் சின்னப் புள்ளைங்க அப்ப” என்றார். அந்த அக்கா மட்டும் இருக்கிறார் என்று பின்னால் ஒரு வீட்டைக் காட்டினார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் ஒரு ஸ்டுடியோ போட்டோ. சுருட்டை முடி, அகலக் காலர் சட்டை, இடது புருவத்தில் வெட்டு. என் அப்பா. போட்டோவில் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும், கழுத்துக்கு அன்று காலை கட்டிய கனகாம்பர மாலையும். காலையில் அந்த மனிதர் ஊறுகாயில் உப்பு போதவில்லை என்று அம்மாவோடு தகராறு பண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்! அவருக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். நாலு வார்த்தை கேட்க வந்தவள் போட்டோவுக்குக் கீழே போய் நின்றேன்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவின் அதே நடை. யாரென்று கேட்டவளிடம் நான் போட்டோவைக் காட்ட, “எந்தம்பி. காமாலைல போயிட்டான்” என்றாள், வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிய குரலில். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்து, வெயில் என்று நினைத்து விசிறினாள். என்ன நடந்தது என்று கேட்டேன், சொன்னாள். பெங்களூர் லேத் பட்டறையில் இருந்த தம்பிக்கு மஞ்சள் காமாலை என்று ரொம்பத் தாமதமாகத்தான் சேதி வந்ததாம். இவர்கள் கிளம்புவதற்குள் தக்காளி லாரி டிரைவர் ஒருவர், சேலத்துக்காரர், சந்தையில் இவர்களுடைய சித்தப்பாவைப் பார்த்து, வண்டியை நிறுத்தாமலே தனக்குத் தெரிந்த சந்தைத் தெலுங்கில், “மீ வாடு போயினாடு” என்று கத்திவிட்டுப் போனாராம். உங்க பையன் போயிட்டான். தாத்தா அலறிக்கொண்டு பெங்களூருக்கு ஓடினார். பட்டறையில் கன்னடத்தில், “ஹோக்பிட்டா” என்றார்கள். அதுவும் அதே வார்த்தைதான், போயிட்டான். அதற்கு மேல் கேட்கத் தாத்தாவுக்குத் தெம்பில்லை. காமாலைச் சாவு, அங்கேயே யாரோ அடக்கம் பண்ணியிருப்பார்கள் என்று தெருவில் விழுந்து புரண்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஊர் கூடி அழுதது. “எல்லாரும் தலைமுழுகினோம்” என்றாள் அத்தை.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அட கடவுளே! செத்தவனுக்காக இவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவனுக்கு அது உறவை அறுத்ததாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தே, நான் உங்க தம்பி பொண்ணு. அவரு சாவல” என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுத் தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். காமாலை தெளிந்த கையோடு பூனாவில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, பூனாவுக்குப் போயிட்டேன்னு வீட்டில் சொல்லிவிடு என்று அந்த டிரைவரிடம் சொன்னது அவர்தான். டிரைவர் பூனா என்ற சொல்லை விழுங்கிவிட்டு, போயிட்டான் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். கடிதாசி எழுதும் வழக்கமில்லாத மனிதர், சில வருஷம் கழித்து ஓசூரில் வேலை கிடைத்துத் திரும்பியபோது, பஸ் ஸ்டாண்டில் அதே டிரைவர், “சந்தைல பேசிக்கிட்டாங்க, உங்க வூட்ல உன்னைத் தலைமுழுகிட்டாங்களாமே” என்றிருக்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை. நேரில் வந்து சொல்லாமல் பூனாவுக்குப் போனதற்கா இந்தத் தண்டனை என்று அப்பாவுக்கு ரோஷம். ரோஷத்தில் தெலுங்கையே விட்டுவிட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “எங்கம்மா இருக்காளா?” என்றார். இல்லை என்றேன். பாட்டி கடைசிவரை அப்பாவின் போட்டோவுக்கு எதிரில்தான் பாய் போட்டுப் படுத்தாராம், அத்தை சொன்னாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிட்டேன். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். அத்தை வாசலில் நின்றாள், ஒதுங்கி வழிவிடவில்லை. தம்பியை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்த என்னைப் போல ஒரு முட்டாள் கிடையாது. “எங்கடா இருந்தே?” என்று தமிழிலேயே கேட்டாள். “ஓசூர்ல” என்றார் அப்பா. “ஓசூர்லயா?” அதை அவள் கேட்ட விதத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. “நான் வாரா வாரம் பூ விக்க வர்ற ஓசூர்லயா? செத்தவன மன்னிச்சிட்டேன்டா. ஓசூர்ல இருந்தவன எப்படிறா மன்னிக்கறது?” தலைமுழுகின கதையை நான் குறுக்கே புகுந்து விளக்கப் போனேன். “யாரு என்னா சொன்னா என்னா? ஒரு தடவ வந்து கதவத் தட்டி, ஏன் தலைமுழுகினீங்கன்னு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்ல?” என்றாள். அவள் மகன் சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றப் போக, “கை வெச்சே, வெட்டிப்புடுவேன். அவன எனக்குத் தெரியும். இவன் யாரு?” என்று கத்தினாள். எங்கள் விலாசத்தை அவள் மகன் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பிவிட்டோம். குடும்ப வரலாறு தேடப் போய் அப்பாவை இரண்டாவது முறை சாகடித்துவிட்டேன். அதன் பிறகு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை.

மாளய அமாவாசை வந்தது. மதியம் வாசலில் பெல் அடித்தது. திறந்தால் அத்தை. தனியாக, கையில் தூக்குச்சட்டியோடு, வியர்த்து வழிய நின்றாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து சட்டியைத் திறந்தாள். களியும் கோழிக் குழம்பும். அமாவாசையென்றாலும் கறி படைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம்; வருஷா வருஷம் இந்த நாளில் அந்தப் போட்டோவுக்கு முன்னால் வைத்துப் படைக்கிற அதே சாப்பாடு. சுடச்சுட வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். கையால் ஒரு உருண்டை பிட்டுக் குழம்பில் தோய்த்து, கோபம் தணியாத முகத்தோடு அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“இத்தன வருசமா காக்கா தின்னுச்சு. இன்னைக்கு நீ தின்னு.”