மஞ்சள் ரேகை பதிந்த காப்பி நோட்டு

ஐயா, அம்மையீர்,

குழைத்த மஞ்சளும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வாசனை எந்த அடுக்களையிலிருந்து வந்தாலும், என் விரல்நுனிகள் இன்றும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கின்றன. ஒரு மாசி மாதத்துக் காலையில் அந்த வாசனையோடு எங்கள் பள்ளிக்கூடம் பட்ட பாட்டைத் தாங்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதத் துணிந்தேன்.

எம்.ரெட்டியபட்டிக்கு அப்பால், கரிசல் காட்டுக்குள் ஒதுங்கிய ஊர் எங்களுடையது. இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொண்ட பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு அரசாங்கம் கொடுத்திருந்த அங்கீகாரம் அந்த ஆண்டோடு காலாவதியாவதால், பார்வையிட்டுப் புதுப்பிப்பதற்கு ஓர் ஆய்வாளர், ஊரார் சொல்லில் "இஸ்பெட்டர் ஐயா", வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. பிள்ளைகளின் வருகை குறைந்திருந்தால் அங்கீகாரம் போய்விடும். பிறகு இரண்டு ஓடைகளைக் கடந்து ரெட்டியபட்டிக்குத்தான் நடக்க வேண்டும். நான் அப்போது நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை முன்கூட்டியே இரவல் வாங்கித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதை அறிந்திருந்தும் என் தாயார் ஒளிக்காமல் சொன்னார்கள்: "ஆம்பளப் பயலுக ஓடையத் தாண்டிப் போயிருவானுக. பொட்டப் பிள்ளைய நான் யாரு கூட அனுப்ப? பள்ளிக்கூடம் நின்னா நீயும் நின்னுக்க."

வருகை குறைவாகத்தான் இருந்தது. மாசியும் பங்குனியும் பருத்தி வெடிக்கும் காலமாதலால், எங்களில் பாதிப்பேர், பெரும்பாலும் பெண்பிள்ளைகள், தாய்மாரோடு காட்டுக்குப் போய்விடுவோம். ஆயினும் தலைமையாசிரியர் செல்லையா வாத்தியார் பதிவேட்டில் எங்கள் எல்லோரையும் நாள்தோறும் வந்ததாகவே குறித்து வந்தார். அவர் கெட்டவரல்லர். பள்ளிக்கூடம் மூடிவிடுமே என்ற பயம் அவரை அப்படிச் செய்ய வைத்தது.

ஆய்வுக்கு முந்தின நாள் அவர் வீடு வீடாகப் படியேறினார். "நாளைக்கு ஒத்த நா மட்டும் பிள்ளைகள அனுப்பி வைங்க, தாயி. பள்ளிக்கூடம் பொழச்சுக்கிரும்" என்று கும்பிட்டார்.

"அப்ப எங்க பருத்திய நீக வந்து எடுப்பீகளா, வாத்தியாரே?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"எடுக்கேன் தாயி. குனிஞ்ச பெறகு நிமித்தி விட மட்டும் ஒரு ஆளு அனுப்புங்க."

பெரியம்மா சிரித்துவிட்டார்கள்; சம்மதமும் கிடைத்தது.

மறுநாள் காலையில்தான் எங்களைக் காட்டிக்கொடுத்த தவறு நேர்ந்தது. வெடித்த காயின் காய்ந்த ஓடு முள்ளைப்போல் நகக்கண்ணில் குத்துவதால், பருத்தி எடுக்கும் எங்கள் விரல்களெல்லாம் புண்ணாக இருந்தன. பெரிய மனிதர் முன்னால் புண்விரலோடு போய் நிற்கலாமா என்று எண்ணிய தாய்மார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமலே, மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துப் பிள்ளைகளின் விரல்நுனிகளில் அப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்தார். பெயர் கூப்பிட்டபோது ஒருவர் விடாமல் "உள்ளேன் ஐயா" என்றோம். செல்லையா வாத்தியாரின் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு ஆய்வாளர் ஐந்து வரிகள் சொல்ல, நாங்கள் அன்றாடப் பாடம் எழுதும் காப்பி நோட்டில் எழுதிக் கொடுத்தோம். முதலில் கடைக்காரர் மகள் சுப்புத்தாயின் நோட்டைப் புரட்டினார். காட்டுக்குப் போகாத அவளுடைய நோட்டில் நாள் தவறாமல் பாடம் இருந்தது. அடுத்து என் நோட்டைத் திறந்தார். அன்றைய பக்கத்தில் ஐந்து மஞ்சள் ரேகைகள். முந்தின பக்கத்தைத் திருப்பினார். அதில் மஞ்சள் இல்லை, ஆனால் தேதி மூன்று வாரம் பழையது. மேசையிலிருந்த பதிவேட்டை இழுத்து அந்த மூன்று வாரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"எல்லோரும் கையை நீட்டுங்கள்" என்றார்.

வரிசை வரிசையாக மஞ்சள் விரல்கள் நீண்டன. அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நேற்றுப் பள்ளிக்கூடம் வந்தாயா, அம்மா?"

அவருக்குப் பின்னால் வாத்தியார் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

"வந்தேன் ஐயா."

"நேற்று என்ன பாடம் நடந்தது?"

நான் சுப்புத்தாயைத் திரும்பிப் பார்த்தேன். சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பிள்ளையக் கேக்காதீக ஐயா" என்றார் செல்லையா வாத்தியார். "அது காட்டுலதான் இருந்துச்சு. வந்ததாப் போட்டது என் கை."

பள்ளிக்கூடம் அந்தக் கணத்தோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு வாத்தியாரிடம் பேசாமல் மறுபடியும் என்னிடமே கேட்டார்.

"பருத்தி எடுக்க எப்போது போவீர்கள்?"

"விடியவும் போயிருவோம் ஐயா. பனி ஈரம் இருக்கையில எடுத்தாத்தான் சருகு நொறுங்கிப் பருத்தியில ஒட்டாது."

"வீட்டுக்குத் திரும்புவது?"

"பதினோரு மணி பஸ்ஸு சத்தம் கேக்கவும் வந்துருவோம்."

"அதன்பிறகு ஏன் பள்ளிக்கூடம் வருவதில்லை?"

"மணி அடிச்ச பெறகு வந்தா வெளிய நிக்கணும், ஐயா."

ஆய்வாளர் மெல்லத் திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். "அது நான் போட்ட சட்டந்தான்" என்றார் வாத்தியார். அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது விளங்கியது போலிருந்தது. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வாளர் பார்வைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி, எங்களுக்கும் கேட்கும்படி வாசித்தார். பொய்யான வருகைகளை அடித்துத் திருத்த வேண்டும். பருத்தி எடுப்பு முடியும் வரை பள்ளிக்கூடம் நண்பகலில் தொடங்க வேண்டும். பிள்ளைகள் குடிக்க மூடிபோட்ட தண்ணீர்ப் பானை வேண்டும். ஆறு வாரத்துக்குள், சொல்லாமல் திரும்பி வருவேன். அங்கீகாரத்தைப் பற்றி அன்றுதான் எழுதுவேன். வாசற்படியில் நின்று வாத்தியாரிடம் இன்னும் ஒன்று சொன்னார்: "மூடுவதற்கு நான் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஒரு கடிதம் போதும்."

அந்த ஆறு வாரமும் தூரத்து ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் எல்லோரும் வாசலை எட்டிப் பார்ப்போம். வாத்தியாருக்கு மேலிடத்துக் கண்டனக் கடிதம் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். நாங்கள் காட்டிலிருந்து வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, புண்விரல்களில் மஞ்சளை அப்பிக்கொண்டு, அது காயக்கூட நிற்காமல் ஓடுவோம்.

பங்குனி வெயில் உச்சியில் நின்ற ஒரு நாளில் அவர் வந்தார். இம்முறை ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். என் நோட்டில் நின்று பக்கம் பக்கமாகத் திருப்பினார். அந்த ஆறு வாரத்தில் ஒரு பக்கம் விடாமல் மஞ்சள் இருந்தது. பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் ரேகைகளுக்குக் கீழேயே சிவப்பு மையால் கையெழுத்திட்டார். பார்வைக் குறிப்பேட்டில் அங்கீகாரமும் எழுதப்பட்டது. தகரப் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை அன்று மாலை நான் வெளியே எடுத்தேன்.

இன்று அந்தப் பருத்திக் காடுகள் மக்காச்சோளமாகவும் சீமைக்கருவேலமாகவும் மாறிவிட்டன. பார்வைக் குறிப்பேட்டைக் கரையான் தின்றுவிட்டது. என் நோட்டில் மஞ்சள் வெளுத்து மறைந்து, சிவப்புக் கையெழுத்து மட்டும் தனியே நிற்கிறது. அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் தங்களோடு நானும் ஓர் உறுப்பினர். நாளை மதிப்பீட்டுக் குழுவினர் வருகிறார்கள். இன்று காலை நான் போனபோது, மழைநீர் இறங்கி வெடிப்பு விழுந்த வடக்குச் சுவரை மறைத்து ஓர் அலமாரி நின்றது.

"அலமாரிய நகத்திருங்க, டீச்சர்" என்றேன்.

"நீங்க எங்க பக்கமா, அவுக பக்கமாம்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அந்தச் சுவத்துப் பக்கம் ஒக்காந்து படிக்கிற பிள்ளைக பக்கம்."

அவர் அலமாரியின் பின்புறம் எட்டிப் பார்த்தார். பிறகு அலமாரியின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து நகர்த்தினோம். நாளை என்ன எழுதுவார்களோ என்ற கலக்கம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் இல்லாமல் இல்லை.

குறிப்பேடு அழிந்துவிட்டதால் இந்த வரலாற்றுக்கு வேறு சான்று கிடையாது. ஆகவே இக்கடிதத்தை, என் காப்பி நோட்டோடு சேர்த்து, இடம் மாறிய அந்த அலமாரியில் வைத்துப் பாதுகாக்கும்படி மேலாண்மைக் குழுவினராகிய தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.